இதரம்

பிராக் நகரின் தெற்கோரம், சாப்பா சந்தை.
நெகிழிப் பூ, மொத்த விலைக் காலுறை, நகப்பூச்சு விற்கும்
தகரக் கொட்டகைகளைத் தாண்டினால்
பதினொரு கடையிலும் ஃபோ.
பன்னிரண்டாவதிலும் ஃபோதான்.
ஆனால் கல்லாவுக்குப் பின்னால் ஓர் அட்டையில்
பேனாவால் எழுதியிருந்தது:
கொம் ஹென். செவ்வாய் மட்டும்.

இரண்டு தடவை படித்தேன்.
இங்கே முக்கால்வாசிப் பேர் வடக்கத்தியர்.
ஹுவே ஊரின் மட்டிச்சோறு
ஹனோயிலேயே தேடித்தான் கிடைக்கும்.
பாரிஸில் கேட்டிருக்கிறேன், உதட்டைப் பிதுக்கினார்கள்.
பெர்லினில் ஒருவன்
சிப்பி போட்டு வறுத்த சோற்றை வைத்துவிட்டு
இதுதானே, என்றான்.

கிண்ணம் வந்தது.
ஆறிய சோறு.
அது சரி, ஆறித்தான் இருக்கவேண்டும்.
மேலே, சுண்டுவிரல் நகத்தில் பாதியாய் மட்டிச் சதை,
வாழைப்பூச் சீவல், எள், வேர்க்கடலை,
பொரித்த பன்றித்தோல்,
கூனி இறால் விழுதின் ஊதா நாற்றம்.
தனிக் கோப்பையில் மட்டி வெந்த நீர்,
கலங்கலாய், கொதிக்கக் கொதிக்க.

"நட்சத்திரப்பழம் இல்லை."
"பச்சை ஆப்பிள் போட்டிருக்கிறேன்."
"சேம்புத்தண்டு?"
"செலரி."
"மட்டி எந்த ஆறு?"
"உறைந்த பொட்டலம். ஆற்றின் பெயர் அதில் போடவில்லை."
"அப்படியானால் இது அது இல்லை."

கடைக்காரி லுவா, நாம்தின் ஊர்க்காரி,
ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு
எதிரே உட்கார்ந்தாள்.
"என்னென்ன குறை? சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்."
நிஜமாகவே பேனாவை எடுத்துவிட்டாள்.

நான் என்னத்தைச் சொல்ல?

எங்கள் வீடு
பழைய அரச வம்சத்தின் ஏதோ ஒரு கிளையில்
ஒடிந்த நுனி.
பெயருக்கு முன்னால் 'வின்' என்று ஒட்டிக்கொண்டிருப்பதைத் தவிர
மிச்சமொன்றும் இல்லை.
மழைக்கு எட்டுப் பாத்திரம் வைப்போம்.
ஆனாலும் விடிகாலையில்
ஆற்றுத் திட்டிலிருந்து காவுதடிக் கூடையோடு
ஒருத்தி வந்து குரல் கொடுத்தால்
அம்மா எழுந்து கதவைச் சாத்துவாள்.
கூலிக்காரர் தின்பது.
குந்தித் தின்பது.
இடுக்கு வழியே பார்த்தேன்:
ஒரு சிக்லோக்காரர் மூக்கொழுக, கண்ணொழுக
கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார்.
அவ்வளவுதான் என் அனுபவம்.
பதினேழில் விமானம் ஏறினேன்.
முப்பத்தொரு வருடமாய் ஊர் ஊராக
எதோடு எதை ஒப்பிட்டு
இல்லை இல்லை என்று எழுந்து வந்தேனோ.

"சாப்பிட்டதில்லை," என்றேன்.

லுவா பேனாவை மூடினாள்.
"நானும்தான்."

லிபெரெட்ஸ், துணி ஆலை விடுதி, எண்பத்தேழு.
நாலு பேருக்கு ஓர் அறை.
மேல்கட்டிலில் ஹுவேக்காரி, பெயர் சுவென்.
இரவு ஷிஃப்ட் முடிந்து விளக்கணைத்ததும்
வாயாலேயே சமைப்பாளாம்.
இப்போது எள் வறுக்கிறேன்.
இப்போது சோறு ஆறட்டும், அவசரப்படாதீர்கள்.
இப்போது ஊற்றுகிறேன்.
கீழ்க்கட்டில்காரி இருட்டில் சொல்வாளாம்
உப்பு போதவில்லை என்று.
அந்த ஊரில் அப்போது மட்டியும் இல்லை,
மட்டி வாங்கக் காசும் இல்லை.

"சுவென் இப்போது எங்கே?"
"கனடா என்றார்கள். இல்லை என்றும் சொன்னார்கள்."

வெந்நீரை ஊற்றிக் கிளறினேன்.
மிளகாயை அவளே போட்டாள், கேட்காமல்,
ஒரு கரண்டி, பிறகு இன்னொன்று.
மூக்கொழுகியது.
பக்கத்து மேசையில் ஒரு செக் கிழவர்
அது என்ன சாப்பாடு என்று கேட்டார்.
கொம் ஹென், என்றோம் இருவரும்
ஒரே நேரத்தில்,
பிறந்ததிலிருந்து தின்றவர்கள் மாதிரி.

பில் இயந்திரத்தில் அதற்கொரு பொத்தான் இல்லை.
இதர சோறு, நூற்று அறுபத்தைந்து கொருனா.

அடுத்த செவ்வாய்
நகர நடுவில் ஒரு பெரிய அங்காடியில்
செல்லோஃபேன் சுற்றிய ஒற்றை நட்சத்திரப்பழம்
வாங்கிக்கொண்டு போனேன்.
விலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
லுவா ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டாள்.
"இனிக்கிறது. எதற்கு உதவும்?"
கத்தியைத் துடைத்து
மறுபடி ஆப்பிளை எடுத்தாள்.

அட்டையில் செவ்வாய்க்குப் பக்கத்தில்
வேறு மையில் எழுதியிருந்தது,
வியாழன்.